அம்மம்மாவின் டெப்பில் வீட்டு வீடியோ ஓட வைப்பது எப்படி

யாழ்ப்பாணத்து இணுவிலில் எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் பதினொரு டிவிடி இருக்கிறது. இரண்டு கல்யாணம், மூன்று சாமத்திய வீடு, ஒரு வீடு குடிபூரல், மிச்சம் பிறந்தநாளும் கோயில் திருவிழாவும். எல்லாம் ஒரு காலத்தில் டெக்கில் போட்டுப் பார்த்த கசெட்டுகள். நகரத்தில் ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றி எடுத்தோம். கசெட்டைத் திருப்பிக் கேட்டபோது, "இனி அது எதுக்கு, எறிஞ்சாச்சு" என்றார்கள். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. பிறகு வீட்டு டிவிடி பிளேயரும் பழுதாகிப்போனது.

இதில் அம்மம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சின்னம்மாவின் கல்யாண வீடியோவில் அப்பு வருகிற இடம். அப்பு என்பது அவருடைய கணவர். 84 வயதில் அம்மம்மாவுக்கு யூடியூப், கூகிள் எதுவும் தேவையில்லை. "ராசா, அந்தப் படத்தைப் போட்டுவிடு" என்பார், அவ்வளவுதான்.

யூடியூபில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று ரொரன்ரோவில் இருக்கிற மாமா சொன்னார். முடியவில்லை. கல்யாண வீடியோவில் படப்பிடிப்புக்காரர் முழுக்கச் சினிமாப் பாட்டுப் போட்டிருக்கிறார், ஏற்றினால் பதிப்புரிமைப் பிரச்சினை. சாமத்திய வீட்டு வீடியோக்களில் இருக்கும் பிள்ளைகள் இன்று அம்மாமார். அந்தக் கோலத்தில் இணையத்தில் வர அவர்களுக்கு விருப்பமில்லை, அது நியாயம்தான். மூன்றாவது, கரண்ட். 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது ரவுட்டரும் சேர்ந்து படுத்துவிடும். சார்ஜ் உள்ள டெப் (டேப்லெட்) மட்டும் கையில் இருக்கும். வீடியோவும் அதற்குள்ளேயே இருந்தால்தான் உதவி.

சரி, டெப்பில் விஎல்சி போட்டுக் கொடுத்தேன். நல்ல செயலி, இலவசம், கிடைத்ததையெல்லாம் ஓட்டும். ஆனால் திரையில் விரல் இழுபட்டால் வெளிச்சம் குறையும், சத்தம் கூடும், படம் முன்னுக்கு ஓடும். அம்மம்மாவின் விரல் நடுங்கும். அரை மணித்தியாலத்தில் திரை இருட்டாகிவிட்டது. "தம்பி, இது பழுதாப் போச்சு."

அதற்குப் பிறகுதான் நானே ஒரு செயலி எழுத உட்கார்ந்தேன். என் தொழில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சின்ன அலுவலகத்தில் கணக்கு மென்பொருள் எழுதுவது. மொபைல் செயலி எனக்குப் பக்கத்து வீட்டுப் பாஷை மாதிரி. விளங்கும், சரளமில்லை. வீடியோவை ஓட வைப்பதுதான் பெரிய வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். அது ஒரு பின்னேரத்தில் முடிந்துபோனது. கோப்பு எங்கே இருக்கிறது, அதைத் தொட யார் அனுமதி தர வேண்டும், அதற்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் மூன்று கிழமை போனது. இந்த வழிகாட்டியும் அதே அளவில்தான் இருக்கும்.

ஒரு சின்ன விஷயம்: கட்டளைகளின் ஆங்கிலப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்பில் எழுதுகிறேன். செயலி எழுதுகிற மென்பொருளான அண்ட்ரொயிட் ஸ்டூடியோவில் முதல் நாலு எழுத்தைத் தட்டினாலே மிச்சத்தை அது காட்டிவிடும்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

டிவிடியைக் கணினியில் திறந்தால் வீடியோ டிஎஸ் என்று ஒரு போல்டர் இருக்கும். அதற்குள் விஓபி என்று முடிகிற கோப்புகள், ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்குள். நான் முதலில் செய்த மடத்தனம், அதில் ஒன்றை டெப்புக்குக் கொப்பி பண்ணி, பெயரின் கடைசியை எம்பி4 என்று மாற்றியது. திரை கறுப்பு, சத்தமும் இல்லை. உப்புப் போத்தலில் சீனி என்று ஒட்டினால் தேத்தண்ணி இனிக்காது.

டிவிடியில் படம் எம்பெக்-2 முறையிலும் சத்தம் பெரும்பாலும் ஏசி-3 முறையிலும் பதிவாகி இருக்கும். பெரும்பாலான போன்களில் இவற்றை விரிக்கிற கருவி இல்லை. எந்த அண்ட்ரொயிட் போனிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய கூட்டு ஒன்றுதான்: எம்பி4 பெட்டிக்குள் எச்.264 படம், ஏஏசி சத்தம். எச்.265 இன்னும் சின்னதாக வரும், புதிய போன்களில் ஓடும். ஆனால் எங்கள் டெப் மலிவானது, அங்கே பரீட்சை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மாற்றுவதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். வீடியோ டிஎஸ் போல்டரை அப்படியே அதற்குள் இழுத்துப் போடுங்கள், துண்டு துண்டான விஓபிகளை அதுவே ஒன்றாக எடுக்கும். நான் வைத்த அமைப்புகள் இவை. வடிவம் எம்பி4, படம் எச்.264, தரம் ஆர்எஃப் 20, சத்தம் ஏஏசி. இதோடு இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது டீஇன்டர்லேஸ். இலங்கையில் ரீவி பால் (பிஏஎல்) என்ற ஒளிபரப்பு முறை. செக்கனுக்கு 25 பிரேம், ஒவ்வொரு பிரேமும் ஒன்றுவிட்ட வரிகளாக இரண்டு பாதி. பழைய ரீவிக்கு அது சரி, டெப் திரைக்குச் சரிவராது. தாலி கட்டுகிற இடத்தில் பாருங்கள், அசைகிற கையின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு கோடாக வரும். ஹேண்ட்பிரேக்கின் பில்டர் பக்கத்தில் டீஇன்டர்லேஸைப் போட்டால் போய்விடும்.

இரண்டாவது அகல உயரம். பால் டிவிடி 720க்கு 576 புள்ளி. காட்டும்போது அது 4க்கு 3 என்ற அளவில் விரிய வேண்டும். ஹேண்ட்பிரேக் அதைத் தானாகவே பார்த்துக்கொள்ளும். நீங்கள் கெட்டித்தனம் காட்டி எண்களை மாற்றினால் கல்யாணத்துக்கு வந்த எல்லாரும் கொஞ்சம் மெலிந்து தெரிவார்கள். மாமி ஒருவருக்கு அந்தப் பதிப்புத்தான் பிடித்திருந்தது.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. செக்கனுக்கு 1.5 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணித்தியாலப் படம் சுமார் 675 எம்பி, சத்தத்தோடு 730 எம்பி அளவில் வரும். மூன்று மணித்தியாலக் கல்யாணம் இரண்டேகால் ஜிபிக்குள் அடங்கிவிடும். இது ஏன் முக்கியம் என்றால், பழைய மெமரி சிப்புகள் ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக்கோப்பு ஏறாது.

மாற்றி முடிந்ததென்று டிவிடியை எறிந்துவிடாதீர்கள். கசெட்டை எறிந்த கடைக்காரர் ஒருவர் போதும்.

எங்கே வைப்பது

இந்த இடத்தில்தான் பழைய வழிகாட்டிகள் எல்லாம் ஆளை ஏமாற்றும். எஸ்டி கார்ட் என்று தொடங்குகிற பாதை ஒன்றை நேரே எழுது, படிக்கும் அனுமதியைக் கேள், முடிந்தது என்பார்கள். ஒரு காலத்தில் அது சரி. 2019 இல் வந்த அண்ட்ரொயிட் 10 இல் இருந்து ஒவ்வொரு செயலிக்கும் தனி வளவு என்று வேலி போட்டுவிட்டார்கள். அடுத்த வருடம் 11 இல் அந்த வேலி இறுகியது. இப்போது மற்றவர் வளவுக்குள் போக வேண்டுமென்றால் படலையைத் தட்டித்தான் போக வேண்டும். நாலு வழி இருக்கிறது. நான் எல்லாவற்றிலும் ஒருமுறை விழுந்து எழும்பியவன்.

செயலிக்குள்ளேயே வீடியோவைப் பொதிந்து விடலாம். ரோ என்ற போல்டரில் போட்டால் அனுமதி எதுவும் கேட்காது. ஆனால் கோப்பின் பெயரில் ஆங்கிலச் சின்ன எழுத்தும் இலக்கமும் அடிக்கோடும் மட்டுமே வரலாம். தமிழில் பெயர் வைத்தால் செயலியைக் கட்டவே விடாது. பிறகு, ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றினாலும் அத்தனை ஜிபியையும் திரும்ப ஏற்ற வேண்டும். இருபது செக்கன் முன்னோட்டத்துக்குச் சரி, கல்யாணத்துக்குச் சரிவராது.

இரண்டாவது, செயலிக்கென்று போன் ஒதுக்கித் தருகிற சொந்தப் போல்டர். கெட் எக்ஸ்டேர்னல் பைல்ஸ் டிர் என்ற கட்டளை அதன் இடத்தைச் சொல்லும். இதற்கும் அனுமதி வேண்டாம். நான் முதலில் இதைத்தான் எடுத்தேன். ஒரு ஞாயிறு முழுக்க இருந்து எல்லாக் கோப்பையும் அதற்குள் ஏற்றினேன். அடுத்த கிழமை அலுவலகக் கணினியில் ஒரு சின்னத் திருத்தம் செய்து டெப்பில் போடப் பார்த்தால், கையொப்பம் பொருந்தவில்லை என்றது. சோதனைப் பதிப்புக்கான கையொப்பம் கணினிக்குக் கணினி வேறு. வீட்டுக் கணினியில் கட்டியதன் மேல் அலுவலகக் கணினியில் கட்டியது ஏறாது. சரி, பழையதை நீக்கிவிட்டுப் போடுவோம் என்று நீக்கினேன். செயலியை நீக்கினால் அதன் சொந்தப் போல்டரும் சேர்ந்து போகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் விரல் முந்திவிட்டது. பதினொரு வீடியோவும் போயிற்று. கணினியில் மாற்றி வைத்த பிரதி இருந்ததால் தப்பினேன்.

அதே வழியில் இன்னொரு குழி. ஒரு கோப்புக்கு "கல்யாணம் #2" என்று பெயர் வைத்திருந்தேன். மற்ற எல்லாம் ஓடும், அது மட்டும் கோப்பு இல்லை என்று சொல்லும். கண்ணுக்கு முன்னால் கோப்பு இருக்கிறது! பாதையை வெறும் எழுத்தாக எடுத்து, முகவரியாக (யூஆர்ஐ) மாற்ற யூஆர்ஐ பார்ஸ் என்ற கட்டளைக்குக் கொடுத்திருந்தேன். முகவரியில் # வந்தால் அதற்குப் பிறகு வருவது வேறு விஷயம் என்று அர்த்தம். ஆகவே "கல்யாணம் " என்பதோடு பெயர் முடிந்துவிட்டது. பார்ஸுக்குப் பதில் யூஆர்ஐ ஃபுரொம் பைல் என்ற கட்டளையைப் பாவித்தால், அது # ஐயும் இடைவெளியையும் தமிழ் எழுத்தையும் சரியாக மாற்றிக் கொடுக்கும்.

மூன்றாவது, போனில் உள்ள எல்லா வீடியோவையும் பார்க்க அனுமதி கேட்பது. அண்ட்ரொயிட் 12 வரை வெளிச் சேமிப்பைப் படிக்கும் அனுமதி. 13 இல் இருந்து வீடியோவுக்கென்று தனி அனுமதி, ரீட் மீடியா வீடியோ. இரண்டையும் மேனிபெஸ்ட் என்ற, செயலிக்கு வேண்டியதை அறிவிக்கிற கோப்பில் எழுதி, போனின் பதிப்பைப் பார்த்துப் பொருத்தமானதைக் கேட்க வேண்டும். 14 இல் "தெரிந்தெடுத்தவற்றை மட்டும்" என்ற ஒரு தெரிவும் வந்துவிட்டது. பயனர் அதை அமத்தினால் உங்களுக்கு மிச்ச வீடியோக்கள் தெரியாது. கலரி மாதிரியான செயலிக்கு இதுதான் வழி. எனக்கு வேண்டாம். அம்மம்மாவின் பட்டியலில் வட்ஸ்அப் குழுக்களில் வந்த காலை வணக்க வீடியோக்கள் எல்லாம் வந்து நிற்கும்.

நாலாவதைத்தான் கடைசியில் எடுத்தேன்: பயனரையே ஒரு போல்டரைக் காட்டச் சொல்வது. ஓப்பன் டொக்கியூமென்ட் ட்ரீ என்று கேட்டால் போனின் சொந்தக் கோப்புத் திரை வரும். போல்டரைத் தெரிந்து "அனுமதி" என்றால், அந்தப் போல்டரின் முகவரி ஒன்று கொன்டென்ட் என்று தொடங்கி உங்கள் கைக்கு வரும். மேனிபெஸ்டில் எந்த அனுமதியும் எழுதத் தேவையில்லை. செயலியை நீக்கினாலும் வீடியோ மெமரி சிப்பில் அப்படியே இருக்கும். அண்ட்ரொயிட் 11 இல் இருந்து சேமிப்பின் அடிவேரையோ டவுன்லோட் போல்டரையோ இப்படித் தெரிய விடாது. ஆகவே சிப்பில் "வீட்டு வீடியோ" என்று ஒரு போல்டர் செய்து அதைக் காட்டினேன்.

முகவரி கிடைத்த அந்த நிமிடமே டேக் பெர்சிஸ்டபிள் யூஆர்ஐ பெர்மிஷன் என்ற கட்டளையைக் கூப்பிட வேண்டும். நான் அதை விட்டுவிட்டேன். அன்றிரவு முழுக்க வடிவாக ஓடியது. அம்மம்மா சார்ஜில் போடாமல் படுத்துவிட்டார், டெப் செத்துப்போனது. காலையில் உயிர் கொடுத்துத் திறந்தால் ஒரு வீடியோவும் ஓடவில்லை, எல்லாவற்றுக்கும் அனுமதி இல்லை என்ற பதில். அந்தக் கட்டளை இல்லாமல் கிடைக்கிற அனுமதி போன் அணைந்து எழும்பும்வரைக்கும்தான். சோதித்துப் பார்ப்பவர்கள் போனை அணைப்பதில்லை, அதனால் இந்தப் பிழை மேசையில் பிடிபடாது. எழுதி முடித்ததும் ஒருமுறை டெப்பை முழுதாக அணைத்துத் திறந்து பாருங்கள்.

முகவரியை ஷெயார்ட் பிரிபரன்ஸில் (செயலியின் சின்னக் குறிப்புப் புத்தகம்) சேமித்து வையுங்கள், அடுத்த முறை கேட்கத் தேவையில்லை. போல்டருக்குள் இருப்பதை டொக்கியூமென்ட் பைல் மூலம் பட்டியல் எடுத்து, வகை வீடியோ என்று தொடங்குவதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான கோப்பு இருந்தால் இந்த வழி மெதுவாகத்தான் போகும். பதினொன்றுக்குப் பயமில்லை. பெயர்களை 01, 02 என்று தொடங்குங்கள். வெறும் 1, 2 என்று வைத்தால் 10 வந்து 2க்கு முன்னால் குந்திவிடும்.

ஓட வைப்பது

இது சுகம். கூகிளின் மீடியா3 தொகுப்பில் உள்ள எக்ஸோபிளேயர் என்ற வீடியோ ஓட்டும் கருவியைப் பாவியுங்கள். முன்பு அது எக்ஸோபிளேயர்2 என்று தனியாக இருந்தது, இன்றைக்குப் புதிதாக எழுதுகிறவர் அந்தப் பழைய பெயரைத் தொடத் தேவையில்லை. செயலியை எப்படிக் கட்டுவது என்று சொல்கிற கிரேடில் கோப்பில் இரண்டு வரி சேர்க்க வேண்டும், மீடியா3 எக்ஸோபிளேயர் ஒன்று, மீடியா3 யூஐ மற்றது. இரண்டுக்கும் ஒரே பதிப்பு எண் இருக்க வேண்டும்.

திரை அமைப்பில் ஒரு பிளேயர் வியூ வையுங்கள். ஓடும்போது திரை அணையாமல் இருக்க அதிலேயே கீப் ஸ்கிரீன் ஓன் என்பதை ட்ரூ ஆக்குங்கள். பிறகு கொட்லின் மொழியில் ஐந்து வேலை: எக்ஸோபிளேயர் பில்டரால் ஒரு பிளேயரைக் கட்டு, அதைப் பிளேயர் வியூவுக்குக் கொடு, கோப்பின் முகவரியில் இருந்து ஒரு மீடியா ஐட்டம் செய்து செட் மீடியா ஐட்டம் என்று வை, பிரிப்பேர், பிளே. அவ்வளவுதான். முகவரி பைல் என்று தொடங்கினாலும் கொன்டென்ட் என்று தொடங்கினாலும் எக்ஸோபிளேயருக்கு ஒன்றுதான்.

நிப்பாட்டுவதையும் ஒழுங்காக எழுத வேண்டும். திரை வரும்போது நடக்கிற ஓன் ஸ்டார்ட்டில் பிளேயரைக் கட்டி, திரை மறையும்போது நடக்கிற ஓன் ஸ்டொப்பில் கரண்ட் பொசிஷனை, அதாவது ஓடி நின்ற இடத்தை, குறித்துக்கொண்டு ரிலீஸ் பண்ணுங்கள். வீடியோவை விரிக்கிற வன்பொருள் போனில் கொஞ்சம்தான் இருக்கிறது. விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் மற்றச் செயலிகளில் வீடியோ ஓடாது. குறித்த இடத்தை ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகச் சேமித்தால், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தும் விட்ட இடத்தில் தொடங்கலாம். டெப்பைத் திருப்பினால் அண்ட்ரொயிட் திரையை இடித்துத் திரும்பக் கட்டும், அந்த நேரத்துக்கும் இதே குறிப்புத்தான் காப்பாற்றும். நான் அதற்கு மேல் திரையைக் கிடையாகவே பூட்டிவிட்டேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போது ரொரன்ரோவில் இருந்து அழைப்பு வந்தால் கல்யாண மேளமும் மாமாவின் குரலும் சேர்ந்து கேட்கும். பிளேயரைக் கட்டும்போது ஓடியோ அட்ரிபியூட்ஸைக் கொடுத்து, அதன் இரண்டாவது இடத்தில் ட்ரூ என்று வைத்தால் அழைப்பு வரும்போது வீடியோ தானாக நிற்கும்.

பிளேயர் வியூவின் பொத்தான்கள் ஐந்து செக்கனில் மறைந்துவிடும். அம்மம்மாவுக்கு மறைந்த பொத்தான் இல்லாத பொத்தான். மறையும் நேரத்தைப் பூச்சியமாக வைத்தால் எப்போதும் நிற்கும். நான் கடைசியில் யூஸ் கொன்ட்ரோலரை ஃபோல்ஸ் ஆக்கி, கீழே என் சொந்தப் பொத்தான்களை வைத்தேன். முதலில் "இயக்கு", "இடைநிறுத்து" என்று அழகாக எழுதியிருந்தேன். அம்மம்மா வாசித்துவிட்டு, "இது கோட்டுக் கடிதம் மாதிரிக் கிடக்கு" என்றார். இப்போது "போடு", "நிப்பாட்டு", "முதலிலிருந்து" என்று இருக்கிறது.

பட்டியலில் சின்னப் படம் காட்ட மீடியா மெட்டாடேட்டா ரிட்ரீவரால் ஒரு பிரேமை எடுக்கலாம். முதல் பிரேமை எடுக்காதீர்கள். எங்கள் பதினொரு வீடியோவில் ஒன்பது பிள்ளையார் படத்தோடுதான் தொடங்குகிறது. பட்டியல் முழுக்கப் பிள்ளையார்! ஐந்தாவது நிமிடத்தில் எடுத்தேன், ஆட்கள் தெரிந்தார்கள். இதைப் பின்னணியில் ஒருமுறை செய்து படமாகச் சேமித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் எடுத்தால் பட்டியல் இழுபடும்.

ஃபிளட்டரில் (அண்ட்ரொயிட்டுக்கும் ஐபோனுக்கும் சேர்த்துச் செயலி எழுதுகிற கருவி) எழுதுபவர்களுக்கு வீடியோ பிளேயர் என்ற பொதி இருக்கிறது. அண்ட்ரொயிட்டில் அதற்கு அடியிலும் எக்ஸோபிளேயர்தான். கோப்புக்குப் பைல், போல்டர் வழி வந்த முகவரிக்குக் கொன்டென்ட் யூஆர்ஐ என்று வெவ்வேறு வகைக் கொன்ட்ரோலர். இனிஷியலைஸ் முடியும்வரை காத்திருக்க வேண்டும், கடைசியில் டிஸ்போஸ் பண்ண வேண்டும். நான் மேலே சொன்ன கோப்புக் கதை எல்லாம் அங்கேயும் அப்படியே.

ஓடாவிட்டால்

பிளேயருக்கு ஒரு லிஸனர் (அதில் நடப்பதைக் கவனித்துச் சொல்லும் பகுதி) வைத்து ஓன் பிளேயர் எரர் வரும்போது அதன் எண்ணைத் திரையின் மூலையில் சின்னதாகக் காட்டுங்கள். அம்மம்மா போனில் எண்ணை வாசித்துச் சொல்லுவார், நான் அலுவலகத்தில் இருந்தே பிழையைக் கண்டுபிடிப்பேன். 2005 என்றால் கோப்பு இல்லை, பெரும்பாலும் மெமரி சிப் கழன்றிருக்கும் அல்லது பெயரை யாரோ மாற்றியிருப்பார்கள். 2006 என்றால் அனுமதி இல்லை, மேலே சொன்ன பெர்சிஸ்டபிள் கதை. 3003 என்றால் பெட்டியின் வடிவமே அதற்குத் தெரியாது. 3001 வந்தால் கோப்புச் சிதைந்திருக்கிறது. கொப்பி பண்ணும்போது இடையில் கேபிளைக் கழற்றினால் எம்பி4க்கு இந்தக் கதிதான். உள்ளே எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பல கோப்புகளில் கடைசியில்தான் இருக்கும், அது வந்து சேராமல் விட்டால் மிச்சம் முழுக்க இருந்தும் பிரயோசனமில்லை.

எண்ணே வராமல் ஒரு பிழை உண்டு, அதுதான் ஆளை அலைக்கும். படம் ஓடும், சத்தம் இருக்காது. அல்லது சத்தம் கேட்கும், திரை கறுப்பு. எக்ஸோபிளேயர் தனக்கு விளங்குகிற பகுதியை ஓட்டிவிட்டு விளங்காததைப் பேசாமல் விட்டுவிடும். அதை அது பிழையாகவே எண்ணாது. ஓன் ட்ராக்ஸ் சேஞ்ட் வரும்போது ஒவ்வொரு பகுதியும் ஆதரிக்கப்படுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு கோப்பு இப்படி ஊமையாக இருந்தது. ஹேண்ட்பிரேக்கில் சத்தத்தை ஏஏசி ஆக்காமல் ஏசி-3 ஆகவே விட்டிருந்தேன்.

நாற்பத்தொன்றாவது நிமிடம்

சின்னம்மாவின் கல்யாணத்தில் அப்பு வருகிற இடம் 41 நிமிடம் 17 செக்கன். மணவறைக்குப் பின்னால் நின்று, தோளில் சரிந்த சால்வையை எடுத்து மடித்து மற்றத் தோளில் போடுவார். பிறகு கமரா இருப்பதைக் கண்டுவிட்டு விலகிப் போவார். 19 செக்கன்.

அதற்கென்று ஒரு பொத்தான். மீடியா ஐட்டத்தைக் கட்டும்போது கிளிப்பிங் கொன்பிகரேஷன் கொடுத்தால், முழுக் கோப்பை வெட்டாமலே ஒரு துண்டை மட்டும் ஓட்டலாம். எண்களை மில்லி செக்கனில் கொடுக்க வேண்டும். தொடக்கம் 24,77,000, முடிவு 24,96,000. ரிபீட் மோட் வன் என்று வைத்தால் நிப்பாட்டும்வரை திரும்பத் திரும்ப ஓடும்.

செய்து அமத்தினால் படம் வர இரண்டு, மூன்று செக்கன் யோசித்தது. காரணம் கோப்பின் உள்ளே. எச்.264 எல்லாப் பிரேமையும் முழுப் படமாக வைப்பதில்லை. இடைக்கிடை ஒரு முழுப்படம், நடுவில் வருவதெல்லாம் "முந்தினதில் இருந்து இது மாறியது" என்ற குறிப்பு மட்டும். வழக்கமான அமைப்பில் 250 பிரேம் வரைக்கும் ஒரு முழுப்படம் வராமல் போகலாம். செக்கனுக்கு 25 பிரேம் என்றால் பத்து செக்கன். 41:17 ஐக் கேட்டால் பிளேயர் முந்திய முழுப்படத்துக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டு வர வேண்டும். விலை கூடிய போனில் தெரியாது. எங்கள் டெப்பில் மூச்சு வாங்கியது.

பிளேயரிடம் "கிட்ட உள்ள முழுப்படத்தில் இருந்து தொடங்கு" என்று சொல்லி இதைத் தவிர்க்கலாம். ஆனால் அப்போது அப்பு வருவதற்கு முன்னால் நாதஸ்வரக்காரரைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டிவரும். அதனால் கோப்பையே திரும்ப மாற்றினேன். ஹேண்ட்பிரேக்கின் வீடியோ பக்கத்தில் மேலதிக அமைப்புகள் எழுதுகிற பெட்டியில் கீஇன்ட் என்பதை 50 என்று கொடுத்தால், இரண்டு செக்கனுக்கு ஒரு முழுப்படமாவது வரும். கோப்பு கொஞ்சம் பெருத்தது. பொத்தானை அமத்தியவுடன் சால்வை சரிகிறது.

முதல் தரம் பார்த்துவிட்டு, "அண்டைக்கே சொன்னனான், பட்டுச் சால்வை வேண்டாம், வழுகும் எண்டு" என்றார் அம்மம்மா. திரும்பவும் அமத்தினார்.

ஐபோன்காரருக்கு

கல்யாணப் பொம்பிளையான சின்னம்மா லண்டனில். தனக்கும் அந்தச் செயலி வேண்டும் என்றார், அவரிடம் ஐபோன். அங்கே ஏவி பிளேயர் என்பது ஆப்பிளின் சொந்தக் கருவி, கோப்பின் முகவரியைக் கொடுத்தால் ஓட்டும். எம்பி4, எம்ஓவி ஓடும். எம்கேவி, ஏவிஐ ஓடாது. இன்போ பட்டியலில் பைல் ஷெயாரிங்கையும் ஓப்பனிங் இன் பிளேஸையும் திறந்துவிட்டால், செயலியின் டொக்கியூமென்ட்ஸ் போல்டர் ஐபோனின் பைல்ஸ் செயலியில் தெரியும். அவரே வீடியோவை அதற்குள் போடலாம். கோப்பின் முழுப் பாதையைச் சேமித்து வைக்காதீர்கள். செயலியைப் புதுப்பிக்கும்போது அந்தப் பாதையின் நடுப்பகுதி மாறக்கூடும். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் டொக்கியூமென்ட்ஸ் இடத்தைக் கேட்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் உள்ள ஆப்பிள் மக் கணினியில் இவ்வளவும் செய்து பார்த்தேன். ஆனால் காசு கட்டாத ஆப்பிள் கணக்கால் போடுகிற செயலி ஏழு நாளில் காலாவதியாகிவிடும். நான் இணுவில், போன் லண்டனில். கடைசியில் கல்யாணக் கோப்பை இரண்டாக வெட்டி வட்ஸ்அப்பில் டொக்கியூமென்டாக அனுப்பினேன். அப்படி அனுப்பினால் தரம் குறையாது, 2 ஜிபி வரை போகும். பைல்ஸில் சேமித்துத் தொட்டால் ஓடும். சில வேலைக்குச் செயலியே தேவையில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்கு மாமா ரொரன்ரோவில் இருந்து வருகிறார், ஹார்ட் டிஸ்க்கும் கொண்டு வருகிறாராம். அவருடைய பழைய கமராவின் கோப்புகள் எம்டிஎஸ் என்று முடிபவை. ஒன்றை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே படம் ஏற்கெனவே எச்.264, சத்தம் மட்டும் ஏசி-3. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் படத்தை அப்படியே கொப்பி பண்ணி, சத்தத்தை மட்டும் ஏஏசி ஆக்கி எம்பி4 பெட்டிக்குள் போட்டேன். கொஞ்ச நேரத்தில் முடிந்தது, முழுக்க மாற்றுவதென்றால் மணித்தியாலக் கணக்கில் போயிருக்கும். மெமரி சிப்பில் இன்னும் இடம் இருக்கிறது. அவருடையவை 12 இல் இருந்து தொடங்கும்.